யாருடைய ஆள்?

கண்டாச்சிபுரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு மாலை வேளைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவதுண்டு. பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் சுண்ணக்கட்டி என் கையை விட்டுப் போகவில்லை. கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் பொறுமையாக இருந்தால் கொஞ்சம் வரலாறும் சொல்வேன். அப்படிப் படித்துச் சென்ற பெண் ஒருத்தியைச் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவளுடைய தாய் அழைத்துக்கொண்டு வந்தார். பெண் வணிகவியல் பட்டம் முடித்திருந்தாள். ஒரு நிறுவனத்தில் கணக்கர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்கள்.

"சார், ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுங்க. ஃபாதர் கையெழுத்துப் போட்டுட்டா எம் பொண்ணுக்கு வேலை கெடைச்சிரும்" என்றார் அந்தத் தாய்.

மதிப்பெண் பட்டியல் அவர் கையில்தான் இருந்தது. மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்து வைத்திருந்தார். ஆனால் அதை என்னிடம் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மகள் என்ன படித்தாள், எதில் வல்லவள் என்றும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் பேருந்தில் போய்வந்து பெற்ற கல்வியைவிட ஒரு தாளின் அடியில் விழும் கையெழுத்துக்கு வலிமை அதிகம் என்பது அவருடைய அனுபவம். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏன் என்று பின்னர்ச் சொல்கிறேன்.

கற்றறிவு பெரியதா, தெரிந்தவர் துணை பெரியதா? இக்கேள்விக்கு விடை தேடி நான் தொலைதூரம் போகவில்லை. கண்டாச்சிபுரத்திலிருந்து பேருந்தேறி விழுப்புரம் கடந்து கிழக்கே போனால் கடற்கரையில் புதுச்சேரி. நம் உயர்மறைமாவட்டத்தின் தலைநகரம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பதவிக்காக நடந்த போராட்டத்தில் இந்தக் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. அதில் நம் திருச்சபைக்கும் பங்கு உண்டு. பெருமைப்படத்தக்க பங்கு என்று சொல்ல முடியவில்லை.

அந்தப் பதவியின் பெயர் தலைமைத் துபாஷி. துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். பெயர் அவ்வளவே சொன்னாலும் வேலை பெரிது. பிரெஞ்சுக் கம்பெனி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்த துணிகளுக்கு நெசவாளர் ஊர்களில் முன்பணம் கொடுக்க வேண்டும்; நெய்து வந்த துணியின் தரம் பார்க்க வேண்டும்; கம்பெனியின் கையில் பணம் இல்லாதபோது உள்ளூர் வணிகரிடம் கடன் பெற்றுத் தர வேண்டும்; ஆர்க்காட்டு நவாபுக்கு என்ன காணிக்கை அனுப்பலாம், எந்தப் பாளையக்காரரை நம்பலாம் என்று கவர்னருக்குச் சொல்ல வேண்டும்; நகரத்துத் தமிழரின் வழக்குகளையும் தீர்க்க வேண்டும். தமிழும் தெலுங்கும் போதா. போர்ச்சுக்கீசியம், பாரசீகம், பிரெஞ்சு என்று மொழிகள் நீளும். கவர்னர்கள் வருவார்கள், போவார்கள். துபாஷி இருப்பார். உண்மையில் நகரம் அவர் வழியாகவே நடந்தது எனலாம்.

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் குடியேற்றத்தை அமைத்த தொடக்க ஆண்டுகளில் இப்பணியைச் செய்தவர் பூந்தமல்லியிலிருந்து வந்த தானப்ப முதலியார் என்னும் கத்தோலிக்கர். அவருக்குப் பின் அவர் குடும்பத்தைச் சேர்ந்த லாசரு முதலியார். எனவே இந்தப் பதவி கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் சொத்து என்னும் எண்ணம் வேர்விட நாளாகவில்லை. ஆனால் 1708-இல் கவர்னர் எபேர், நைனியப்ப பிள்ளையைத் தலைமைத் துபாஷியாக நியமித்தார். நைனியப்பர் இந்து, சென்னைப் பகுதியிலிருந்து வந்து வணிகத்தில் உயர்ந்தவர். கம்பெனிக்குத் துணி வந்தது, கடன் கிடைத்தது, வணிகர்கள் நகரில் நிலைத்தார்கள்.

சேசு சபைக் குருக்களுக்கு இந்நியமனம் பிடிக்கவில்லை. கிறிஸ்தவ அரசரின் நகரில் தமிழருக்குத் தலைவராகக் கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் இருப்பது மறைபரப்புக்குத் தடை என்றனர், பாரிசுக்கும் முறையிட்டனர். அவர்களுடைய நோக்கத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. தலைமைத் துபாஷி எந்தக் கோயிலுக்குப் போகிறாரோ அந்தக் கோயிலின் பக்கம் ஊரார் சாய்வார்கள் என்பது அன்றைய நடைமுறை. ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு அந்நகரில் நீதி கிடைக்க வேண்டுமே என்னும் கவலையும் அவர்களிடம் இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: இவர் யாருடைய ஆள்? எபேர் முதலில் வேறு கேள்வி கேட்டார்: இவரால் வேலை ஆகிறதா? ஆகிறது என்பது விடையாக இருந்ததால் நைனியப்பரை விட்டுக்கொடுக்காமல் இருந்தார்.

பிறகு எபேர் பதவி இழந்தார். 1715-இல் மீண்டும் புதுச்சேரிக்கு அதிகாரியாகத் திரும்பியபோது அவர் வேறு மனிதராக இருந்தார். சேசு சபையினரின் செல்வாக்கால்தான் அவருக்கு மறுபடியும் பதவி கிடைத்தது என்று அக்காலத்திலேயே பேசிக்கொண்டார்கள். சிபாரிசினால் வந்தவர் அந்தக் கடனைச் சிபாரிசினாலேயே தீர்க்க வேண்டியிருந்தது போலும். 1716 பிப்ரவரியில் நைனியப்பர் கைது செய்யப்பட்டார். கலகம் தூண்டினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பவை குற்றச்சாட்டுகள். அவருடன் அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் பிடிபட்டார்.

விசாரணை நடந்த முறையை வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். சாட்சிகள் தமிழில் சொன்னார்கள், எழுதப்பட்டது பிரெஞ்சில். இடையில் நின்று மொழிபெயர்த்தவர் சேசு சபையினரின் உபதேசியார் ஒருவருடைய மகன். தங்களுக்குப் புரியாத மொழியில் எழுதியிருந்ததன் கீழ் கையொப்பமிட்டோம் என்று சாட்சிகள் சிலர் பின்னாளில் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் இரு மொழிக்கு நடுவே நின்று பிழைத்த ஒரு மனிதர், வேறொருவருடைய மொழிபெயர்ப்பினால் குற்றவாளியானார். கடைத்தெருவில் 50 கசையடி, பெருந்தொகை அபராதம், மூன்றாண்டுச் சிறை, அதன்பின் நாடு கடத்தல் என்று 1716 ஜூன் மாதம் தீர்ப்பாயிற்று. 1717-இல் நைனியப்பர் சிறையிலேயே இறந்தார். அவர் இடத்தில் தானப்ப முதலியார் குடும்பத்துக் கனகராய முதலியார், பேதுரு என்னும் திருமுழுக்குப் பெயர் கொண்டவர், அமர்ந்தார்.

எபேருக்கு நைனியப்பரின் திறமை தெரியாமல் இல்லை. அவரைத் தேர்ந்தெடுத்தவரே எபேர்தான். அறியாமையால் நேர்ந்த அநீதியை மன்னிப்பது எளிது. அறிந்தே செய்ததை என்ன செய்வது?

கதை இதோடு முடியவில்லை. நைனியப்பரின் குடும்பத்தார் பிரான்சுக்கு முறையீடு எழுதினார்கள். அவர்களுக்கு உதவியவர்களும் கத்தோலிக்கக் குருக்களே! பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் அவர்களுக்காகப் பேசினர். (சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்ட பின் நம் பகுதியின் பங்குகளை ஏற்று வளர்த்தவர்கள் இச்சபையினரே. இரு சபைகளுக்கும் இடையே நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் உதவியில் நீதியுணர்வு எவ்வளவு, போட்டி எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.) நைனியப்பரின் மூத்த மகன் குருவப்பர் கடல் கடந்து பாரிசுக்கே போனார். அங்கே திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு ஞானத்தந்தையாக நின்றவர், இளவயது அரசருக்காக அப்போது பிரான்சை ஆண்டுகொண்டிருந்த ஓர்லெயான் கோமகன் பிலிப். புனித மிக்கேல் அணியின் வீரர் என்னும் பட்டமும் குருவப்பருக்குக் கிடைத்தது. தந்தையின் மேலிருந்த தீர்ப்பு நீக்கப்பட்டது. எபேர் குற்றவாளியாகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். குருவப்பர் புதுச்சேரி திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார்.

நீதி வென்றது என்று மகிழத் தோன்றுகிறது. ஆனால் எப்படி வென்றது? நைனியப்பரின் கணக்குப் புத்தகங்கள் சரியாக இருந்தன என்பதாலா? கம்பெனிக்கு அவர் ஈட்டித் தந்த இலாபத்தாலா? அவையும் எடுத்துக் காட்டப்பட்டன, வணிகர்களும் பேசினார்கள். என்றாலும், உள்ளூர்ச் செல்வாக்கு இழைத்த தீங்கைத் துடைக்க, நாட்டை ஆண்டவரே ஞானத்தந்தையாக நிற்கும் அளவு பெரிய செல்வாக்கு ஒன்று வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட துணை தேடிக் கப்பலேற முடியாத எத்தனை நைனியப்பர்கள் சிறையிலேயே மறைந்து போனார்களோ!

குருவப்பர் 1724-இல் காலமானார். கனகராய முதலியார் மறுபடியும் வந்தார். இம்முறை 22 ஆண்டுகள் பதவி வகித்தார். அவர் சிபாரிசினால் வந்தவர் என்பதற்காகத் திறமையற்றவர் என்று முடிவு கட்டுவது தவறு. நான்கு கவர்னர்களுக்குக் கீழ் அத்தனை ஆண்டுகள் அந்த நாற்காலியில் ஒருவர் இருக்க வேண்டுமானால் அறிவும் நிதானமும் இருந்தே தீர வேண்டும். இறந்துபோன தம் ஒரே மகனின் நினைவாக ஒழுகரையில் அவர் கட்டிய புனித அந்திரேயா ஆலயத்தின் விழா 1745 நவம்பர் 30 அன்று நடந்தது. ஊரிலுள்ள கிறிஸ்தவர், இந்துக்கள், ஐரோப்பியர் அனைவருக்கும் விருந்து. யார் யாருடன் உண்பார், யார் சமைத்தால் யார் தொடுவார் என்பதெல்லாம் அறிந்து தனித்தனியே ஏற்பாடு செய்திருந்தார். அத்தகைய சாதி வேற்றுமையை இன்று நாம் ஏற்பதில்லை. ஆனாலும் ஊரை உள்ளங்கையில் வைத்திருந்த மனிதரின் அறிவு அதில் தெரிகிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் இறந்தார்.

அந்த விருந்தைப் பற்றி நமக்கு எழுதி வைத்தவர்தான் அடுத்து அப்பதவிக்கு வந்தவர்: ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் பெரம்பூரில் பிறந்தார். நைனியப்பரோடு கைதான திருவேங்கடம் பிள்ளையின் மகன். மாமன் சிறையில் இறந்தபோது இவருக்கு எட்டு வயது. இப்பதவி தன் குடும்பத்துக்கு என்ன செய்தது என்பதை அந்த வயதிலேயே கண்ட ஒருவர் பிறகும் அதையே நாடினார் என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

அவர் வேலை கற்றது பரங்கிப்பேட்டையில். கம்பெனிக்காக நீலத்துணி வாங்கும் பொறுப்பைக் கவர்னர் லெனுவார் அவரிடம் கொடுத்தார். தந்தைக்கும் மாமனுக்கும் இருந்த பெயர் அவருக்குக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் சாயத்தின் நிறத்தையும் நூலின் நெருக்கத்தையும் பார்த்து விலை சொல்வதற்கு மாமன் பெயர் உதவாது. 1736 செப்டம்பர் 6 அன்று அவர் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல் எது வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார், எந்தச் செய்தி எந்த ஊரிலிருந்து எத்தனை நாளில் வந்தது, என்ன விலை, யாருக்கு யார்மேல் கோபம் என்று எல்லாவற்றையும் எழுதினார். தமக்காகவே எழுதினார். அதை நான் படித்தபோது பலமுறை தோன்றியது இது: இந்த மனிதருடைய அறிவே மனிதர்களைப் பற்றிய அறிவுதான். அவரிடத்தில் புலமை என்றும் தொடர்பு என்றும் இரண்டைப் பிரித்து எடுத்தால் இரண்டும் செத்துப்போகும்.

கனகராய முதலியார் மறைந்ததும் பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. கிறிஸ்தவரே வேண்டும் என்று சேசு சபையினர் வற்புறுத்தினர். கவர்னர் டூப்ளேயின் மனைவியும் அவர்கள் பக்கம். அன்னபூரண அய்யன் என்னும் கிறிஸ்தவரை அவர் ஆதரித்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நைனியப்பருக்கு நேர்ந்ததே இவருக்கும் நேரும் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பர். நேரவில்லை. டூப்ளே நியமனத்தை நெடுநாள் தள்ளிப்போட்டார். வேலையை மட்டும் ஆனந்தரங்கரிடம் வாங்கிக்கொண்டார். அது போர்க்காலம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். நவாபின் மனத்தை அறிந்து சொல்லவும், படைக்குப் பணம் புரட்டவும், வணிகர் ஓடிவிடாமல் தடுக்கவும் ஒருவர் வேண்டும். மனைவியின் விருப்பம், குருக்களின் வேண்டுகோள் இரண்டையும்விடத் தேவை பெரிதாக இருந்தது. பதவி இறுதியில் ஆனந்தரங்கருக்கே உறுதியாயிற்று. 1749-இல் முசாபர் ஜங் அவருக்குப் பட்டமும் செங்கற்பட்டுக் கோட்டையின் தலைமையும் தந்தார். அடுத்த ஆண்டு நம் ஊருக்கு வடக்கேயுள்ள செஞ்சிக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். ஆனந்தரங்கரின் நாள்கள் உச்சியில் இருந்தன.

இவ்வளவுக்கும் தம் உயர்வுக்குக் காரணம் கல்வி என்றோ செல்வாக்கு என்றோ அவர் சொல்வதில்லை. கிரகநிலை என்கிறார்! நாட்குறிப்பில் பல இடங்களில் சாதகமும் நாளும் கோளும் வருகின்றன. அவர் கிரகம் என்றதை நாம் இறைவனின் பராமரிப்பு என்போம். எகிப்துச் சிறையில் இருந்த யோசேப்பை நினைத்துப் பாருங்கள். கனவுக்குப் பொருள் சொல்லும் அறிவு அவரிடம் இருந்தது. ஆனாலும் விடுதலையான பானபாத்திரக்காரன் அவரை மறந்துவிட்டான். இரண்டு ஆண்டுகள் அந்த அறிவு சிறைச் சுவருக்குள்ளேயே கிடந்தது. மன்னனுக்குக் கனவு வந்தபோதுதான் பழைய தோழனுக்கு நினைவு வந்தது. அவன் மன்னனிடம் என்ன சொன்னான்? இவன் என் நண்பன், இவனுக்கு வேலை கொடுங்கள் என்று சொல்லவில்லை. இப்படி ஒருவன் இருக்கிறான், எங்களுக்குச் சொன்னது அப்படியே நடந்தது என்று சொன்னான். செய்தி சொன்னான், தீர்ப்பை மன்னனிடம் விட்டுவிட்டான்.

ஆனந்தரங்கரின் முடிவுக்கு வருவோம். 1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். புதிய கவர்னருக்கு ஆனந்தரங்கர் தேவைப்படவில்லை, உடல்நலமும் குன்றியிருந்தது. 1756-இல் பதவி போயிற்று. அவருடைய அறிவில் எதுவும் குறைந்துவிடவில்லை. அதைத் தேவையென்று கண்டவர்தான் போய்விட்டார். 1761 ஜனவரி 12 அன்று, ஆங்கிலேயர் முற்றுகையிட்ட நகருக்குள் அவர் இறந்தார். நான்கு நாளில் புதுச்சேரி வீழ்ந்தது. வீட்டில் கிடந்த நாட்குறிப்பை 1846-இல் கலுவா மோன்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்து உலகறியச் செய்தார். பிற்காலத்தில் அதைத் தமிழில் பதிப்பித்தவர்களில் முதன்மையானவர் புதுச்சேரி அறிஞர் ஞானு தியாகு.

இனி நம் பக்கத்துக் கதை. தென்னார்க்காடு ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போன பிறகு துபாஷியின் இடத்தில் தாசில்தாரும் சிரஸ்தாரும் குமாஸ்தாவும் வந்தார்கள். ஒரு சிரஸ்தார் உள்ளே போனால் அண்ணன் மகன், மைத்துனன், சம்பந்தி என்று வரிசையாக உள்ளே போனார்கள். இது வசையாகச் சொல்வது அல்ல, அரசாங்கமே ஒப்புக்கொண்டது. கீழ்நிலைப் பதவிகளைச் செல்வாக்குள்ள சில குடும்பங்களே கைப்பற்றிக்கொள்ளாதபடி கலெக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சென்னை வருவாய் வாரியம் 1854-இல் நிலையாணை பிறப்பித்தது. ஆணை இருந்தது, குடும்பங்களும் இருந்தன. கம்பெனியின் துரைகள் மட்டும் என்ன? இலண்டனில் கம்பெனி இயக்குநர் ஒருவருடைய பெயர்க்குறிப்பு இல்லாமல் சிவில் சர்வீசுக்குள் நுழைய முடியாதிருந்தது. 1853-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிறுத்தியது. 1855-இல் முதல் போட்டித் தேர்வு நடந்தது.

தேர்வு என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை, அது பழகிப்போனதால் நாம் உணர்வதில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். நம்மவர், திருச்சி மாவட்டத்துக் குளத்தூரில் 1826-இல் பிறந்த கத்தோலிக்கர். நீதிமன்றத்தில் பதிவேடு காக்கும் எழுத்தராகச் சேர்ந்தவர், மொழிபெயர்ப்பாளராகி, பின் தேர்வெழுதித் தேறி மாவட்ட முன்சீப் ஆனார். முதல் தமிழ் நாவலை எழுதியவர் என்றே அவரை அறிவோம். ஆனால் அதற்கு முன்பே அவர் எழுதிய நீதிநூலில் கைக்கூலி வாங்குவோரைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். நீதிமன்றத்தின் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர் அல்லவா!

1924-இல் சென்னை மாகாணத்தில் பணியாளர் தேர்வு வாரியமும், 1929-இல் பணித் தேர்வாணையமும் அமைந்தன. இந்திய மாகாணங்களில் இதுவே முதல் தேர்வாணையம். இன்று கண்டாச்சிபுரம் வட்டத் தலைநகர். இங்கே தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் எவருடைய ஆளும் அல்லர். ஒரு விடைத்தாளின் எண்ணைக் கொண்டு உள்ளே வந்தவர்கள். இடஒதுக்கீடு அவர்களுக்குப் படி அமைத்தது. உழவர் வீட்டுப் பிள்ளை மேசைக்கு அப்பால் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்கும்போது எனக்குக் கனகராய முதலியாரின் விருந்தும் நைனியப்பரின் சிறையும் ஒரு கணம் நினைவுக்கு வருகின்றன.

ஆயினும் தேர்வு எல்லா இடத்திலும் இல்லை. தனியார் நிறுவனங்களில் இல்லை. நாம் நடத்தும் அமைப்புகளிலும் பெரும்பாலும் இல்லை. தேர்வுள்ள இடத்திலும் அறிவிப்பு வந்ததே தெரியாதவனுக்குத் தேர்வு இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த 282 பேரைப் பற்றி 1974-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களில் நூற்றுக்கு 56 பேர் தெரிந்தவர் வழியாகவே வேலை பெற்றிருந்தார்கள். ஆனால் அந்தத் தெரிந்தவர்கள் நெருங்கிய உறவினரோ உயிர்த்தோழரோ அல்லர். எப்போதோ சந்திப்பவர்களே மிகுதி. காரணம் எளிது. நம் வீட்டாருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததே. வேறு தெருவில் நடப்பதை வேறு தெருக்காரர்தான் கொண்டுவருவார். அவர்கள் கொண்டுவந்தது பெரும்பாலும் சலுகை அன்று, செய்தி. கிராமத்தில் நமக்கு இல்லாதது இதுதான். பெரிய இடத்துச் சிபாரிசு இல்லையே என்று ஏங்குகிறோம்; இன்ன இடத்தில் இன்ன வேலை இருக்கிறது, இன்ன தேதிக்குள் எழுதிப் போடு என்று சொல்ல ஆள் இல்லை என்பதைக் கவனிப்பதில்லை.

இனி நான் சொல்லாமல் தள்ளிவைத்ததைச் சொல்ல வேண்டும். 30 ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஒரு பள்ளியில் எழுத்தர் பணியிடம் காலியாயிற்று. ஊர் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். இருவர் வந்திருந்தனர். கணக்கில் ஒரு சிறு தேர்வு வைத்து விடைத்தாள்களைத் திருத்தும்படி என்னிடம் கொடுத்தார்கள். ஒருவர் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. அவருக்காகச் சென்ற பரிந்துரைக் கடிதத்தை வரைந்து கொடுத்தவனே நான். மற்றவர் தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து வந்தவர். அவருக்கு அங்கே எவரையும் தெரியாது. அவருடைய தாள் அச்சடித்ததுபோல் இருந்தது. ஒரு கூட்டல்கூடப் பிழையில்லை. மதிப்பெண்களைச் சரியாகவே போட்டுக் கொடுத்தேன். பிறகு வேலை தெரிந்த பிள்ளைக்குக் கிடைத்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் கெட்டவர் அல்லர். கணக்குத்தான் கடைசிவரை அவருக்கு வரவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அந்த மற்றவரைக் கண்டேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டு வணங்கினார். ஒரு கடையில் பில் போடுவதாகச் சொன்னார். "அன்னைக்குச் சரியா எழுதலைங்க சார், அதான் கிடைக்கலை" என்றார். திருவண்ணாமலைப் பேருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. நான் ஏறிவிட்டேன்.

எபேரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பேருந்து நிலையம் நினைவுக்கு வருகிறது.

அன்று மழையில் வந்த தாய்க்கும் மகளுக்கும் தேநீர் கொடுத்தேன். மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். கணக்குப்பதிவியலில் உயர்ந்த மதிப்பெண். பழைய பேரேடு ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்த பிழையைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். தாய் பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குமுன் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"மத்தவங்கள்லாம் பெரிய ஆளுங்க லெட்டரோட வருவாங்களே சார்?" என்று கேட்டாள்.

வருவார்கள் என்றேன். பிறகு உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தேன். இந்தப் பெண்ணுக்கு நான் ஐந்து ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்றும், இன்று என் முன்னிலையில் ஒரு பேரேட்டின் பிழையைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தாள் என்றும், நேர்காணலில் அவளுக்கும் மற்றவர்களுக்கும் இதே போன்ற ஒரு பேரேட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டுகிறேன் என்றும் எழுதி, அடியில் என் பெயரை மட்டும் இட்டேன். தாய் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஃபாதர் கையெழுத்து வேண்டாமா என்றார். அவரிடமும் காட்டுங்கள், அந்தப் பேரேட்டையும் எடுத்துப் போங்கள் என்றேன்.